புதிதாக வரும் கணித ஆசிரியருக்கு: பாட ஆயத்தமும் புள்ளிப் பகுப்பாய்வும்

இலங்கையின் மலையகத்துக் கல்லூரி ஒன்றில் கணித ஆசிரியராகக் கடமையேற்ற முதலாவது தவணையில் நான் இரவு பதினொரு மணி வரை விழித்திருந்து பாட ஆயத்தம் செய்தேன். மறுநாள் காலையில் அந்த ஆயத்தத்தில் பாதி, பின்னங்களைக் கூட்டத் தடுமாறும் பத்தாம் தரப் பிள்ளைகளின் முன்னால் பயனற்றுப் போனது. தவணை முடிவில் வகுப்பின் சராசரிப் புள்ளி 33.9 என்று எழுதிக் கொடுத்தேன். அது ஏன் அவ்வளவு குறைவு என்று கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்த எண்ணே பிழையானது என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இன்னொரு தவணை தேவைப்பட்டது. புதிதாக நியமனம் பெற்று வருகின்ற நீங்கள் அந்த இரண்டு தவணைகளையும் வீணாக்காமல் இருப்பதற்காக, நான் இப்போது பின்பற்றும் ஒழுங்கை இங்கே எழுதுகிறேன்.

1. முதல் வாரத்திலேயே சேர்க்க வேண்டிய ஆவணங்கள்

கடமையேற்புக் கடிதம், நேரசூசி போன்றவற்றை அலுவலகமே உங்கள் கையில் தந்துவிடும். நீங்களாகத் தேடிச் சேர்க்க வேண்டியவை வேறு. உங்கள் தரத்துக்கான பாடத்திட்டமும் ஆசிரியர் வழிகாட்டியும் முதலில் வேண்டும். இவற்றைத் தேசிய கல்வி நிறுவகம் தனது இணையத்தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பாடநூல் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் இருக்கிறது. அடுத்ததாக, பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளில் கிடைப்பவற்றைச் சேருங்கள். எந்த வினாவுக்கு நாடு முழுவதும் பிள்ளைகள் எப்படி விடையளித்தார்கள், எங்கே சறுக்கினார்கள் என்பது அவற்றில் வினாவாரியாக எழுதப்பட்டிருக்கும். கடந்தகால வினாத்தாளை வைத்திருக்கும் ஆசிரியர்கள் பலர். இந்த அறிக்கையைத் திறந்து பார்த்தவர்கள் சிலர்.

நான்காவது ஆவணம் பாடசாலைக்குள்ளேயே இருக்கிறது. உங்களுக்கு முன் அந்த வகுப்பைக் கற்பித்தவரின் புள்ளிப் பதிவேட்டையும் சென்ற ஆண்டின் வரவு இடாப்பையும் பகுதித் தலைவரிடம் கேட்டுப் பாருங்கள். பழைய ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போயிருந்தால், பதிவேடு ஏதாவது ஓர் அலுமாரியின் அடித்தட்டில் கிடக்கும். எனக்குக் கிடைத்தது கரையான் அரித்த பாதிதான். அந்தப் பாதியும் உதவியது.

பாடநூலின் கலைச்சொற்களில் ஒரு பொறி உண்டு. பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படித்துவிட்டு வருபவர்கள், தமிழ்க் கலைச்சொற்களுக்காகத் தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்ப்பது வழக்கம். அங்கே இடைநிலை அளவு, முகடு, நிகழ்வெண், திட்ட விலக்கம், ஆரம் என்பார்கள். எங்கள் வினாத்தாளில் அவை இடையம், ஆகாரம், மீடிறன், நியம விலகல், ஆரை என்று வரும். வகுப்பில் ஒரு சொல்லும் பரீட்சையில் வேறொரு சொல்லுமாகப் பழகிய பிள்ளை, தெரிந்த கணக்கையே தெரியாத கணக்கென்று விட்டுவிடும். பாடநூலின் சொல்லை மட்டும் பயன்படுத்துங்கள்.

2. தவணையில் உண்மையாகக் கிடைக்கும் பாடவேளைகளை எண்ணுங்கள்

வாரம் ஆறு பாடவேளைகள் வீதம் பதின்மூன்று வாரங்களுக்கு 78 என்று தாளில் கணக்கு வரும். முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டிக்கான பயிற்சிகள், மாதந்தோறும் வரும் போயா (பௌர்ணமி) விடுமுறை, பரீட்சைக்காகப் போகும் இரண்டு வாரங்கள் ஆகியவற்றைக் கழியுங்கள். பிறகு மழையைக் கழியுங்கள். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கத்தில் தென்மேற்குப் பருவமழை இரண்டாம் தவணையில் வந்து விழும். பதுளை, பண்டாரவளைப் பக்கத்தில் ஆண்டிறுதி மழைதான் பாதைகளைக் கெடுக்கும். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியைப் போன்ற பேரழிவுக்கு எந்தத் திட்டமும் ஈடுகொடுக்காது என்றாலும், சாதாரண மழையாண்டுக்கே நான் 78ஐ 55 ஆக வைத்துத்தான் தவணைத் திட்டம் எழுதுகிறேன்.

அந்த 55க்குள் எந்த அலகை எந்த வாரத்தில் வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். மேற்பிரிவுத் தோட்டங்களிலிருந்து நடந்து வரும் பிள்ளைகள் மழை நாட்களில் முதலாம் பாடவேளை முடியும் தறுவாயில்தான் நனைந்த சப்பாத்துகளோடு வந்து சேர்வார்கள். ஆகவே மழைக்கால வாரங்களில், முதலாம் பாடவேளையில் புதிய அலகை ஒருபோதும் தொடங்காதீர்கள். அந்த நேரத்தைப் பயிற்சிக்கு ஒதுக்குங்கள்.

3. கற்பிக்கத் தொடங்கும் முன் ஒரு சிறு சோதனை

முதல் வாரத்தில் இருபது நிமிடங்களுக்குப் பத்து வினாக்கள் கொடுங்கள். பின்னக் கூட்டல், சய (கழித்தல் குறி கொண்ட) எண்களின் கழித்தல், அடைப்புக்குறி நீக்கல், சதவீதம், ஓர் எளிய சமன்பாடு ஆகியவை போதும். வினாக்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் அச்சுச் செலவில்லை. அரைத் தாளில் விடை எழுதச் சொல்லுங்கள். புள்ளி கிடையாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்திலிருப்பவரின் விடையைத்தான் இரண்டு முறை திருத்துவீர்கள்.

இந்தத் தாள்களைச் சரி, பிழை என்று மட்டும் திருத்தினால் பயன் பாதியாகிவிடும். பிழையான விடை என்ன என்பதை அப்படியே எழுதிக் கொள்ளுங்கள். சென்ற ஆண்டு 36 பிள்ளைகளுக்கு நான் கொடுத்த ஒரு வினா, 3 − 2(x − 4) = 5 என்பதைத் தீர்க்கச் சொன்னது. சரியான விடை 3. அதை எழுதியவர்கள் 11 பேர். −5 என்று எழுதியவர்கள் 12 பேர். இவர்கள் அடைப்புக்குறியை நீக்கும்போது சயவைச் சயவால் பெருக்கிச் சக (கூட்டல் குறி) ஆக்கத் தவறியவர்கள். 9 என்று எழுதியவர்கள் 6 பேர். இவர்கள் முதலில் 3இலிருந்து 2ஐக் கழித்து 1 ஆக்கிவிட்டு, மீதியைப் பிழையின்றிச் செய்திருந்தார்கள். −3 என்று எழுதிய 3 பேர் அடைப்புக்குறிக்குள் முதல் உறுப்பை மட்டும் பெருக்கியிருந்தார்கள். நால்வர் ஒன்றும் எழுதவில்லை.

"25 பேருக்குச் சமன்பாடு தெரியாது" என்று எழுதியிருந்தால், நான் சமன்பாட்டை முதலிலிருந்து கற்பித்திருப்பேன். உண்மையில் 21 பேருக்குச் சமன்பாட்டைத் தீர்க்கும் முறை தெரிந்திருந்தது. 12 பேருக்குச் சய அடையாளமும், 6 பேருக்குச் செய்கைகளின் ஒழுங்கும், 3 பேருக்குப் பங்கிட்டுப் பெருக்கலும்தான் தேவைப்பட்டன. மூன்று வெவ்வேறு பாடங்கள் அவை. ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் போதுமானதாக இருந்தது.

4. ஒரு பாடவேளையை ஆயத்தம் செய்தல்

நாற்பது நிமிடப் பாடவேளை என்பது, வகுப்பு மாறி, கொப்பி எடுத்து, வரவு பார்த்த பிறகு முப்பத்திரண்டு நிமிடங்கள்தான். நான் அதில் முதல் ஐந்து நிமிடத்தை முந்திய நாளின் ஒரு கணக்குக்கும், அடுத்த பத்து நிமிடத்தை ஓர் உதாரணத்துக்கும், பதின்மூன்று நிமிடத்தைப் பிள்ளைகள் தாமாகச் செய்வதற்கும், எஞ்சிய நான்கு நிமிடத்தை ஒரு சீட்டில் ஒரு கணக்குச் செய்து வாங்குவதற்கும் ஒதுக்குகிறேன். அன்றைய சீட்டுகளைப் பார்வையிட எனக்குப் பேருந்தில் வீடு போகும் நேரம் போதும். மறுநாளைய முதல் ஐந்து நிமிடத்தில் என்ன கணக்குப் போட வேண்டும் என்பதை அந்தச் சீட்டுகளே சொல்லிவிடும்.

பயிற்சியிலுள்ள ஒவ்வொரு கணக்கையும் முந்திய நாளே நீங்கள் கையால் செய்து, நேரத்தைக் குறியுங்கள். உங்களுக்கு இரண்டு நிமிடமானால் பிள்ளைகளுக்கு ஆறிலிருந்து எட்டு நிமிடமாகும். பதின்மூன்று நிமிடத்துக்கு இரண்டு கணக்குகள்தான் அடங்கும். நான் முதல் தவணையில் எட்டுக் கணக்குகள் எழுதிக்கொண்டு போனேன்.

உதாரணத்துக்கு எடுக்கும் எண்களில் பெரும் கவனம் வேண்டும். வர்க்கத்தை விளக்க 2ஐ எடுத்தால், இரண்டும் இரண்டும் கூட்டினாலும் 4, பெருக்கினாலும் 4, வர்க்கித்தாலும் 4. பிள்ளை எந்தப் பிழையான வழியில் போனாலும் சரியான விடை வந்துவிடும். அந்தப் பிழை பரீட்சையில்தான் வெளிப்படும். 3, 5, 7 போன்ற எண்களை எடுங்கள். அதேபோல, செங்கோண முக்கோணியின் பக்கங்களுக்கு எப்போதும் 3, 4, 5 என்றே கொடுத்துவந்தால், பைதகரசின் தேற்றத்தைப் பயன்படுத்தாமலே 5 என்று எழுதப் பழகிவிடுவார்கள்.

பிள்ளைகளின் வாழ்க்கையிலிருந்து தரவு எடுப்பது நல்லதே. ஆனால் ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் வீட்டு வருமானத்தை வகுப்பில் கேட்காதீர்கள். ஐந்து நாட்களில் ஒருவர் பறித்த தேயிலைக் கொழுந்து 18, 22, 17, 24, 19 கிலோ என்று பொதுவாக எழுதி இடை (சராசரி) காணச் சொன்னேன். 20 என்று வந்தது. பின் வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "சேர், நிறுக்கும்போது கூடைக்கின்னு ரெண்டு ரெண்டு கிலோ கழிச்சிட்டுத்தானே எழுதுவாங்க. அப்ப இடையும் ரெண்டு கொறையுமா?" என்று கேட்டாள். ஒவ்வோர் எண்ணிலும் 2ஐக் கழித்து மீண்டும் கணித்தோம். இடை 18 ஆனது. வீச்சு, அதாவது மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம், 7ஆகவே இருந்தது. ஓர் எண்ணை இடையாக எடுத்துக்கொண்டு, அதிலிருந்துள்ள விலகல்களால் உண்மையான இடையைக் காணும் எடுகொண்ட இடை என்ற தலைப்பை அடுத்த வாரம் தொடங்கியபோது எனக்கு அரைவாசி வேலை குறைந்திருந்தது. தராசடியில் நடப்பதை அந்த வகுப்பில் என்னைவிட நன்றாக அறியாதவர் எவரும் இல்லை.

5. வினாத்தாள் தயாரித்தலும் அச்சிடலும்

சாதாரண தர வினாத்தாளின் அமைப்பை மனத்தில் பதித்துக் கொள்ளுங்கள். முதலாம் பத்திரம் இரண்டு மணித்தியாலம். பகுதி ஒன்றில் இரண்டு புள்ளி வீதம் 25 வினாக்களும், பகுதி இரண்டில் பத்துப் புள்ளி வீதம் ஐந்து வினாக்களும் வரும். இரண்டாம் பத்திரம் மூன்று மணித்தியாலம். பன்னிரண்டில் பத்துக்கு விடையளிக்க வேண்டும். உயர்தர இணைந்த கணிதத்தில் ஒவ்வொரு பத்திரத்திலும் பகுதி ஒன்றின் பத்து வினாக்களுக்கும், பகுதி இரண்டின் ஏழில் ஐந்துக்கும் விடையளிக்க வேண்டும்.

செலவை முன்கூட்டியே கணக்கிடுங்கள். நிழற்பிரதி ஒரு பக்கத்துக்குப் பத்து ரூபாய் என்று வைத்துக் கொண்டால், நான்கு பக்கத் தாள் 36 பேருக்கு 1,440 ரூபாய். மாதம் ஒரு தாள் என்றாலே உங்கள் சம்பளத்தில் அது தெரியும். பாடசாலையின் ரோனியோ (பிரதியெடுக்கும்) இயந்திரம் மலிவு; தாள் கட்டை நீங்கள் கொடுத்தாலும் மலிவுதான். ஆனால் தவணைப் பரீட்சை வாரத்தில் எல்லாப் பாடத்துக்கும் அதே இயந்திரம் என்பதால், பத்து நாட்களுக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.

அடுத்த பொறி எழுத்துரு. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த தாளை, அந்த எழுத்துரு இல்லாத கொமியூனிகேஷன் (நிழற்பிரதி) கடையில் திறந்தால் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். ஒருங்குறியில் தட்டச்சு செய்தாலும் வேர்ட் பதிப்பு மாறும்போது பின்னங்களும் வர்க்கமூலங்களும் இடம் பெயரும். தாளைப் பீ.டீ.எஃப். ஆக மாற்றி, ஒரு பிரதி அச்சிட்டு, அதில் நீங்களே பரீட்சை எழுதிப் பார்த்த பிறகு மிகுதியை அச்சிடுங்கள்.

வினாவின் மொழியையும் சோதியுங்கள். "குறைந்தது இரண்டு பேராவது" என்பதைச் சில பிள்ளைகள் "இரண்டை விடக் குறைவு" என்று வாசிக்கிறார்கள். அந்தப் பிழையை நிகழ்தகவு அறியாமையாக எண்ணி நான் ஒரு வாரம் முழுவதும் நிகழ்தகவை மீண்டும் கற்பித்திருக்கிறேன்.

6. திருத்தும்போதே வினாவாரியாகப் பதியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் செய்வதற்குத்தான் உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றால், இதைச் செய்யுங்கள். மொத்தப் புள்ளியை மட்டும் பதியாமல், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு வினாவுக்கும் கிடைத்த புள்ளியைப் பதிய வேண்டும். மடிகணினி அவசியமில்லை. ஒரு சீ.ஆர். கொப்பியின் (பெரிய பதிவுக் கொப்பியின்) இரட்டைப் பக்கத்தில் இடதுபுறம் பெயர்களும் மேலே வினா இலக்கங்களுமாகக் கட்டம் வரைந்தால் போதும். எல்லாத் தாளையும் திருத்தி முடித்துவிட்டுப் பதிய உட்கார்ந்தால் இரண்டரை மணித்தியாலம் போகும். ஒவ்வொரு தாளையும் திருத்தியவுடன் பதிந்தால் மேலதிகமாக நாற்பது நிமிடம்தான். கணினியில் செய்வதாயின் எக்செல்லுக்குப் பணம் செலவிட வேண்டியதில்லை. லிப்ரே ஆபிஸ் இலவசம். கைப்பேசியில் கூகுள் ஷீட்ஸ் பயன்படுத்துபவர்கள், கோப்பை இணையமின்றித் திறக்கும்படி முன்பே அமைத்துக் கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் மழை வந்தால் மின்சாரமும் சமிக்ஞையும் சேர்ந்தே போகும்.

கட்டம் நிரம்பியதும் முதலில் நிரல்வழியாகப் பாருங்கள். எந்த வினா பெரும்பாலானோரை வீழ்த்தியது என்பது கண்ணுக்கே தெரியும். பிறகு மொத்தப் புள்ளியில் மேலே உள்ள 27 வீதத்தினரையும் கீழே உள்ள 27 வீதத்தினரையும் பிரித்தெடுங்கள். 36 பேரில் அது பத்துப் பத்துப் பேர். ஒரு வினாவை மேல் பத்தில் 7 பேரும் கீழ்ப் பத்தில் 2 பேரும் சரியாகச் செய்திருந்தால், வித்தியாசத்தைப் பத்தால் வகுக்க 0.5 வரும், அது இரு சாராரையும் பிரித்துக் காட்டும் நல்ல வினா. பூச்சியத்துக்கு அருகில் வந்தால் வினா எல்லோருக்கும் மிக எளிது, அல்லது எல்லோருக்கும் மிகக் கடினம், அல்லது விளங்கவில்லை. சய எண்ணாக வந்தால், பிள்ளைகளைச் சந்தேகிக்கும் முன் உங்கள் புள்ளித் திட்டத்தைத் திறந்து பாருங்கள்.

எனக்கு ஒரு முறை −0.4 வந்தது. வட்டத்தின் பரப்பளவு பற்றிய வினா அது. படத்தில் 14 சென்ரிமீற்றர் என்று குறித்திருந்தது விட்டம். புள்ளித் திட்டத்தில் நான் அதை ஆரையாக எடுத்திருந்தேன். என்னைப் போலவே பிழை விட்டவர்களுக்கெல்லாம் முழுப் புள்ளியும், சரியாகச் செய்தவர்களுக்கெல்லாம் பூச்சியமும் கொடுத்திருந்தேன். தாள்களைத் திரும்ப வாங்கித் திருத்தியது அவமானமாகத்தான் இருந்தது. இந்தக் கணிப்பைச் செய்யாதிருந்தால் அது எனக்குத் தெரிந்தே இராது.

7. எண்களை வாசிக்கும்போது விழக்கூடிய குழிகள்

வராதவருக்குப் பூச்சியம் போடாதீர்கள். என் முதல் தவணையில் நடந்தது இதுதான்: 36 பேரில் மூவர் பரீட்சைக்கு வரவில்லை. எழுதிய 33 பேரின் மொத்தம் 1,221, இடை 37. வராத மூவருக்கும் பூச்சியம் போட்டு 36ஆல் வகுத்தபோது அது 33.9 ஆகி, 35 என்ற சித்தி எல்லைக்குக் கீழே இறங்கியது. விரிதாளில் வெற்றுக் கட்டத்தை அவரேஜ் சூத்திரம் விட்டுவிடும், பூச்சியத்தை விடாது. வராதவரின் கட்டத்தை வெறுமையாக விட்டு, வராதோர் எண்ணிக்கையைத் தனியே எழுதுங்கள்.

சிறிய வகுப்பில் சதவீதம் ஏமாற்றும். 36 பேர் கொண்ட வகுப்பில் ஒரு பிள்ளை 2.8 வீதம். சித்தி 44 வீதத்திலிருந்து 50 வீதமாக உயர்ந்தது என்று கூட்டத்தில் சொன்னால் கைதட்டுவார்கள். அது 16 பேர் 18 பேரானது மட்டுமே. எண்ணிக்கையையும் சேர்த்து எழுதுங்கள்.

இடையை மட்டும் நம்பாதீர்கள். ஒரு பாதி 12க்கும் 25க்கும் இடையிலும், மறுபாதி 50க்கும் 65க்கும் இடையிலுமாக நிற்கும் வகுப்பின் இடை 38 அளவில் வரும். அந்த 38இல் ஒரு பிள்ளையும் இருக்காது. அதற்கேற்பப் பாடம் எடுத்தால் ஒருவருக்கும் பொருந்தாது. நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கின்ற தண்டு இலை வரைபை ஐந்து நிமிடத்தில் வரைந்தால் இது உடனே தெரிந்துவிடும்.

முதலாம் தவணையின் இடையை இரண்டாம் தவணையோடு ஒப்பிட்டு முன்னேற்றம் என்று சொல்வதற்கு முன், தாள்கள் இரண்டும் வேறு என்பதை நினையுங்கள். எண்களை மட்டும் மாற்றிய ஐந்து வினாக்களை இரண்டு தாளிலும் வைத்து, அவற்றை மட்டும் ஒப்பிடுங்கள். மிகக் குறைந்த புள்ளி பெற்ற பத்துப் பேருக்கு மேலதிக வகுப்பு நடத்துபவர்களுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. ஒரு பரீட்சையில் அடிமட்டத்தில் நின்றவர்களில் சிலர் அன்று காய்ச்சலோடு எழுதியிருப்பார்கள். அடுத்த முறை அவர்கள் எப்படியும் சற்று உயர்வார்கள். அந்த உயர்வு முழுவதையும் மேலதிக வகுப்பின் கணக்கில் எழுதிக் கொள்ள வேண்டாம்.

வரவையும் புள்ளியையும் ஒப்பிடுவதில் மொத்த நாட்களை விட, எந்த நாட்கள் என்பதுதான் பயன் தரும். கொழுந்து மிகுந்த வாரங்களில் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிற்கும் மூத்த பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். வரவு இடாப்பை அலகுகளோடு வைத்துப் பார்த்தபோது, காரணியாக்கம் பிழைத்த ஒன்பது பேரில் ஆறு பேர் அந்த அலகு தொடங்கிய இரண்டு நாட்களும் வந்திருக்கவில்லை என்று தெரிந்தது. அந்த ஆறு பேருக்கும் தேவைப்பட்டது அந்த இரண்டு நாள் பாடம் மட்டுமே.

8. அறிக்கையும் மீள்கற்பித்தலும்

புள்ளிப் பகுப்பாய்வைத் தரவாரியாகக் கேட்டு அதிபர் அலுவலகத்திலிருந்தோ வலயக் கல்விப் பணிமனையிலிருந்தோ படிவம் வரும்போது கால அவகாசம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். கொப்பி நிரம்பியிருந்தால் ஏ, பீ, சீ, எஸ், டபிள்யூ (சித்தியின்மை) பெறுபேறுகளைப் பெற்றவர்களின் எண்ணிக்கையை எடுத்துக் கொடுக்கப் பத்து நிமிடம் போதும். கொடுக்கும் படிவத்தைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக் கொள்ளுங்கள். அடுத்த தவணையிலும் அதையே கேட்பார்கள். பெயர்களோடு கூடிய புள்ளிப் பட்டியலைப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் அவருடைய வினாவாரி வரியை மட்டும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுங்கள்.

மீள்கற்பித்தலை விடுமுறைக்குப் பிறகு என்று தள்ளிப்போட வேண்டாம். தாள் திரும்பக் கொடுக்கும் நாளிலேயே, மிக அதிகமானோர் பிழைத்த மூன்று வினாக்களை மட்டும் எடுங்கள். சரியான விடையை நீங்கள் எழுதிக் காட்டாமல், பெயர் குறிப்பிடாது ஒரு பிழையான விடையைக் கரும்பலகையில் எழுதி, பிழை எந்த வரியில் இருக்கிறது என்று கேளுங்கள். முதல் வாரச் சோதனையில் வந்த அந்த −5 விடையை நான் எழுதியபோது, அதை எழுதிய பன்னிரண்டு பேரில் ஒருவனே முதலில் கையுயர்த்தி, "ரெண்டாவது வரி சேர், எட்டுக்கு முன்னால சக வரணும்" என்றான். அதற்கு மூன்று நிமிடம் பிடித்தது.

நான்கு வாரம் கழித்து அதே மூன்று வினாக்களையும் எண்களை மாற்றி மீண்டும் சீட்டில் கொடுங்கள். கொப்பியில் அந்தத் தாளுக்குப் பக்கத்திலேயே இதற்கென மூன்று நிரல்களை முன்கூட்டியே வெறுமையாக விட்டு வையுங்கள். இடம் விடாதிருந்தால் அதைச் செய்ய மறந்துவிடுவீர்கள், நான் இரண்டு முறை மறந்தேன்.